பெண்கள் கூட்டத்தில் வேதபாடம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

களியக்காவிளை, பாறசாலை பக்கத்துச் சபைகளில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு வேதபாடம் எடுக்க இப்போது இளம்பெண்கள் நிறையப் பேர் வருகிறார்கள். சந்தோஷம். ஆனால் எங்கள் காலத்துக் கோளாறுகளும் கூடவே வருகின்றன. ஆயத்தமில்லாமல் வருவது, வளவளவென்று பேசுவது பற்றியெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆளுக்கொரு வசனம்

கேரள எல்லைக்கு அந்தப்புறம் பலருக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். தன் முறைக்கு எந்த வசனம் வரும் என்று எண்ணிக்கொண்டிருப்பவர் காதில் மற்ற வசனங்கள் விழாது. நன்றாக வாசிக்கிற ஒருவர் அதிகாரம் முழுவதையும் வாசிக்கட்டும். மலையாள வேதாகமம் வைத்திருப்பவர் அதிலேயே பார்த்துக்கொள்ளட்டும்.

சமாரியப் பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது

இதைக் கேட்டால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். கிணற்றடியில் இயேசு சமாரியப் பெண்ணோடு பேசுகிற யோவான் 4-ஐத் திறந்ததுமே, 'ஒழுக்கங்கெட்டவள், ஊருக்குப் பயந்து உச்சிவெயிலில் வந்தாள்' என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். ஏறக்குறைய ஆறாம்மணி வேளை, அதாவது நண்பகல், என்றுதான் அங்கே இருக்கிறது. அவள் ஏன் அந்நேரம் வந்தாள் என்று இல்லை. அவளுக்கு இருந்த ஐந்து புருஷர் செத்தார்களா, தள்ளிவிட்டார்களா என்றும் இல்லை. உபாகமம் 24-ன்படி தள்ளுதற்சீட்டை, அதாவது விவாகரத்துச் சீட்டை, எழுதிக் கொடுப்பது புருஷன். மாற்கு 12-ல் அண்ணன் தம்பி ஏழு பேருக்கு ஒருவர்பின் ஒருவராக மனைவியானவளைப் பற்றிச் சதுசேயர் என்ற யூதப் பிரிவினர் இயேசுவிடம் கேட்கிறார்கள்; அவளை யாரும் கெட்டவள் என்பதில்லை.

சரி, இப்போது இருக்கிறவன் புருஷனல்ல என்று இயேசு சொல்கிறாரே? சொல்கிறார், அதை மறைக்க வேண்டாம். ஆனால் யோவான் 8-ல் வேறொரு பெண்ணிடம் சொன்ன "இனிப் பாவஞ்செய்யாதே" இங்கே இல்லை. இந்த மலையா எருசலேமா, எங்கே தொழுவது என்று இவள் கேட்க, அவர் நின்று விளக்குகிறார். இவள் பேச்சை நம்பி ஊரில் அநேகர் விசுவாசித்தார்கள் என்கிறது 39-ஆம் வசனம். பாடத்தின் உயிர் இங்கேதான். நம்மவர்கள் இங்கே வருவதற்குள் மணி அடித்துவிடும்.

ஒரு கூட்டத்தில் அண்டி ஆபீசுக்கு (முந்திரித் தொழிற்சாலைக்கு) வேலைக்குப் போகிற ஒரு பெண் முன்வரிசையில் இருந்தார். முதல் கணவர் இறந்துவிட்டார், இரண்டாமவர் விட்டுவிட்டுப் போய்விட்டார். பாடம் எடுத்த பிள்ளை ஐந்து விரலையும் விரித்துக்காட்டி வெளுத்து வாங்கியது. பின்னாலிருந்து ஒரு பாட்டி, "ஐஞ்சு பேரும் செத்துப்போயிருந்தா அவ என்ன செய்வா, பிள்ளே?" என்றார். பதில் இல்லை. முன்வரிசைப் பெண் அதற்குப்பின் கூட்டத்துக்கு வரவேயில்லை. உங்கள் முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உங்களுக்கு முழுக்கத் தெரியாது. எழுதியிருப்பதை மட்டும் சொன்னால் பாதி ஆபத்து குறையும்.

மகதலேனா மரியாளுக்கும் இதே கதிதான். லூக்கா 8 அவளிடமிருந்து ஏழு பிசாசுகள் நீங்கின என்கிறது, அவ்வளவே. லூக்கா 7-ல் வரும் பாவியான ஸ்திரீக்குப் பெயரே இல்லை. இருவரையும் ஒருத்தியாக்கி 591-இல் போப் முதலாம் கிரகோரி பிரசங்கம் செய்தார். அந்தப் பழி நம் ஊர் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

நீங்கள் மார்த்தாளா, மரியாளா?

கேட்காதீர்கள். வேலையிலேயே இருந்தவள் என்று மார்த்தாளைக் குறைத்துப் பேசுமுன், யோவான் 11:27-ல் இயேசுவைத் தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று விசுவாசிக்கிறேன் என அவள் சொன்னதை வாசியுங்கள்.

கேள்வி கேட்டு நீங்களே பதில் சொல்வது

வாயை மூடிக்கொண்டு கொஞ்சம் காத்திருங்கள். முதலில் பாஸ்டரம்மா முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் பேசுவார்கள்.

நேரம்

விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எட்டரைக்கு முடியுங்கள்.