மைனஸ் 8.5 பெரியதா, மைனஸ் 8.25 பெரியதா?

வெயில் காலத்தில் நாகர்கோவில்காரர்கள் பேப்பரைப் பிரித்ததும் முக்கடல் அணையின் நீர்மட்டத்தைத் தேடுவார்கள். ஊருக்குக் குடிதண்ணீர் தரும் அணை அது. முழு மட்டம் 25 அடி. மழை பொய்த்த வருடங்களில் அளவு மைனஸில் வரும், அதாவது பூஜ்ஜியக் கோட்டுக்குக் கீழே தண்ணீர் போய்விட்டது. டியூஷனில் குறை எண் வந்தாலே நான் இந்த அணைக்குப் போய்விடுவேன்.

ஒரு நாள் −8.5 அடி, இன்னொரு நாள் −8.25 அடி என்று வைத்துக்கொண்டு, எது பெரியது என்று கேட்டேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் −8.25 என்றான். சரிதான். டிக் போடப் போனவள், எப்படி என்று கேட்டேன்.

"25 பெருசுல்லா டீச்சர், 5 சின்னதுல்லா?"

புள்ளிக்குப் பின்னால் இருப்பதைத் தனி எண்ணாக எடுத்துக்கொண்டான். மைனஸையும் கண்டுகொள்ளவில்லை. உண்மையில் 8.5 என்பது 8.50, ஆகவே 8.25-ஐ விடப் பெரியது. மைனஸ் போட்டதும் வரிசை தலைகீழாகி −8.50 சிறியதாகிறது. இரண்டு தவறும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதில் சரியான விடை வந்து விழுந்திருக்கிறது. அவனிடமே −8.5, −8.75 கொடுத்தேன். −8.75 பெரியது என்றான். குட்டு உடைந்தது.

பாதிப் பழி நம் வாய்க்குத்தான். 'எட்டு புள்ளி இருபத்தைந்து' என்று நாமே சொல்லிப் பழக்கிவிடுகிறோம். 'எட்டு புள்ளி இரண்டு ஐந்து' என்று வாசிக்க வையுங்கள்.

'மைனஸ் வந்தால் திருப்பிப் போடு' என்று மனப்பாடம் செய்த பிள்ளைகள் வேறு ரகம். −0.3, 12.7 கொடுத்தால் அங்கேயும் திருப்பி, −0.3 பெரியது என்பார்கள். ஒன்று குறை எண், ஒன்று மிகை எண் என்றால் இலக்கங்களைப் பார்க்கவே வேண்டாம், மிகை எண்தான் பெரியது. −0.03 கூட பூஜ்ஜியத்தை விடச் சிறியதுதான்.

'பெரியது' என்ற சொல்லே கொஞ்சம் ஏமாற்றும், பெரிய கடன் என்கிறோமே. அதனால் இப்போது 'எந்த நாள் தண்ணீர் மேலே நின்றது?' என்றுதான் கேட்கிறேன்.

கடைசியாக அவனிடம் −8.5, −8.50 எழுதிக் காட்டினேன். பேனாவைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ரெண்டும் ஒரே தண்ணிதான் டீச்சர்."