ஊர் திரும்புமுன் சிங்கப்பூரில் இரண்டு நாள்

வியட்நாம், கம்போடியா, தாய்லாந்து, மலேசியா என்று முதுகுப்பையோடு மாதக்கணக்கில் சுற்றிவிட்டு, கடைசியில் சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் பிடிப்பவர்கள் நம்மில் நிறைய உண்டு. நானும் அந்தக் கட்சிதான். அந்தக் கட்டத்தில் உடம்பு அசந்திருக்கும், பர்ஸ் இளைத்திருக்கும், இன்னொரு அருங்காட்சியகத்தை நினைத்தாலே கொட்டாவி வரும். ஆனாலும், "சிங்கப்பூர் வரைக்கும் போய் அதைப் பார்க்கலையா?" என்று வீட்டில் கேட்பார்களே என்று பட்டியல் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடம். மிச்ச நேரமெல்லாம் ஓய்வும் ஊர் திரும்பும் வேலையும்.

அந்த வேலை எல்லையைத் தாண்டும் முன்பே, மலேசியப் பக்கத்து ஊரான ஜோகூர் பாருவிலேயே தொடங்கிவிடும். பையை முழுசாகக் கட்டிலில் கொட்டுங்கள். பக்கவாட்டு ஜிப், மழை உறை மடித்து வைக்கும் அறை, மருந்துப் பொட்டலம் எல்லாவற்றிலும் கைவிட்டுத் துழாவுங்கள். மின்சிகரெட் சிங்கப்பூரில் வைத்திருப்பதே குற்றம். சூயிங்கம் கொண்டுபோகக் கூடாது, 1992-லிருந்து தடை. சாதா சிகரெட்டுக்கு வரிவிலக்கு கிடையாது. ஒரு பாக்கெட்டாக இருந்தாலும் சொல்லி வரி கட்ட வேண்டும். தாய்லாந்தில் வாங்கிய கஞ்சா மிட்டாய், தைலம், கிராத்தோம் இலை எதுவும் பையில் இருக்கவே கூடாது. போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை கொடுக்கும் நாடு அது. விடுதியில் யாரோ கொடுத்தது, அடியில் கிடந்தது தெரியாது என்ற பேச்சு அங்கே எடுபடாது. வியட்நாமின் கூச்சி சுரங்கத்தில் வாங்கிய தோட்டா உறைச் சாவிக்கொத்து இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். எந்த விமான நிலையச் சோதனையிலும் அது வம்புதான்.

விசா முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டுக்கு எல்லையில் விசா தரமாட்டார்கள். எஸ்.ஜி. அரைவல் கார்டு என்ற இணையப் படிவத்தை, போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பலாம். குடிநுழைவுத் துறையின் தளத்தில் அது இலவசம். காசு கேட்கும் தளம் வந்தால் மூடிவிடுங்கள்.

மிச்ச ரிங்கிட்டை ஜோகூரிலேயே சாப்பாட்டுக்குச் செலவழிப்பது நல்லது. கம்போடிய ரியேலை அந்த நாட்டுக்கு வெளியே மாற்றுவது கஷ்டம், நாணயங்களை எங்கேயும் வாங்கமாட்டார்கள். அது கொலுவுக்கோ குழந்தைகளுக்கோ போகட்டும்.

கடற்பாலத்தைத் தாண்ட 170-ஆம் எண் பேருந்து போதும். குவீன் ஸ்ட்ரீட் வரை போகும். 170எக்ஸ் என்று இன்னொன்று வரும், அது கிராஞ்சியோடு நின்றுவிடும். மலேசியச் சாவடியில் முத்திரை, பேருந்து, பாலம், அப்புறம் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் மறுபடி முத்திரை. அங்கே இறங்கும்போது எல்லா மூட்டையையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். உங்களை ஏற்றி வந்த வண்டி காத்திருக்காது, அதே எண்ணுள்ள அடுத்த வண்டியில்தான் ஏறுவீர்கள். ஞாயிறு மாலை மட்டும் இந்தப் பக்கம் வராதீர்கள். வார இறுதிக்கு மலேசியா போன சிங்கப்பூரே அப்போதுதான் வீடு திரும்பும்.

தங்குவதற்கு லிட்டில் இந்தியா, அதாவது தேக்கா. பொதுவறையில் ஒரு படுக்கை சுமார் 30 முதல் 50 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், ஆகும். வியட்நாமின் ஹோய் ஆனில் பல இரவு தங்கிய காசு என்று மனசு கணக்குப் போடும், போடட்டும். பயணத்தின் நடுவில் எங்கேயாவது இந்த இரண்டு இரவுக்கான பணத்தைத் தனியாக ஒதுக்கிவிட்டால் கடைசியில் வயிற்றைக் கட்ட வேண்டியிருக்காது.

சேர்ந்த அன்றே துணி துவையுங்கள். விடுதியில் இயந்திரம் இல்லாவிட்டால் அக்கம்பக்கத்தில் காசு போட்டுத் துவைக்கும் கடை இருக்கும். உலர்த்தியை நல்ல சூட்டில் வைத்து, உறங்கு உறையையும் துண்டையும் சேர்த்துப் போடுங்கள். எத்தனையோ விடுதிப் படுக்கைகளில் புரண்டிருக்கிறோம், மூட்டைப்பூச்சியை வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டாம். அந்தச் சூட்டில் பூச்சியும் முட்டையும் செத்துவிடும்.

துணி சுழலும் நேரத்தில் தேக்கா உணவங்காடிக்குப் போய்விடுங்கள். மாதக்கணக்கில் படம் பார்த்துக் கைகாட்டிச் சாப்பிட்டவருக்கு, "அண்ணே, ஒரு மட்டன் பிரியாணி" என்று வாய்விட்டுக் கேட்கும் சுகமே தனி. மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் தனியாகக் கிடந்தால் அது குப்பையில்லை, யாரோ இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள். நீங்களும் அப்படியே பிடிக்கலாம். கோப்பி என்றால் கெட்டிப்பால் ஊற்றித் தித்திப்பாக வரும்; பாலும் சர்க்கரையும் வேண்டாமென்றால் "கோப்பி ஓ கோசோங்". சாப்பிட்டதும் தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021-லிருந்து அது சட்டம். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு இருக்கும், பார்த்து வையுங்கள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம், பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

போக்குவரத்துக்குத் தனி அட்டை தேடி அலைய வேண்டாம். வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவைத்த, தொட்டுச் செலுத்தும் விசா அல்லது மாஸ்டர்கார்டு எம்.ஆர்.டி. ரயிலிலும் பேருந்திலும் வேலை செய்யும். சின்னதாக ஒரு நிர்வாகக் கட்டணம் சேரும், அவ்வளவுதான். பேருந்தில் இறங்கும்போதும் தொட மறக்காதீர்கள். ரயிலில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது.

முதல் நாளுக்கு என் தேர்வு பொட்டானிக் கார்டன்ஸ், அங்குள்ள தமிழர்களின் பூமலை. 1859-இல் தொடங்கியது, 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. நுழைவு இலவசம், ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் டிக்கெட். காலை 5 மணிக்கே திறந்துவிடும், ஆனால் சிங்கப்பூரில் விடிவதே 7 மணி சுமாருக்கு. ஏழுக்குப் போனால் வெயில் ஏறும் முன் இரண்டு மணி நேரம் கிடைக்கும். போகும்போது ஐந்து வெள்ளி நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின்புறம் அச்சிட்டிருக்கும் தெம்புசு மரம் அந்தத் தோட்டத்தில் நிற்பதுதான். தரையோடு தரையாகப் பக்கவாட்டில் நீளும் அந்தக் கிளையை நோட்டையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்து அடையாளம் கண்டுவிடலாம். இப்போது வேலி போட்டிருக்கிறார்கள், ஏறி உட்கார முடியாது. அப்புறம் புல்லில் துண்டை விரித்துப் படுத்துவிடுங்கள்.

மதியம் தூங்குங்கள். பெரும்பாலும் ஒரு மழையும் அப்போதுதான் கொட்டும். எழுந்ததும் கிளம்ப மனம் வந்தால் பேஃபிரண்ட் நிலையத்தில் இறங்கி, கரையோரப் பூந்தோட்டங்களின் (கார்டன்ஸ் பை தி பே) செயற்கை மரங்களுக்கு அடியில் போய் உட்காருங்கள். இரவு 7.45-க்கும் 8.45-க்கும் விளக்கும் இசையும், அதுவும் இலவசம். கண்ணாடிக் கூடங்களையும் மரினா பே சாண்ட்ஸ் மொட்டைமாடியையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் களைத்த கண்ணுக்கு அந்தக் காசு வீண். யுனிவர்சல் ஸ்டூடியோஸ் குடும்பத்தோடு வரும்போது.

இரண்டாம் நாள் காலில் தெம்பிருந்தால் புலாவ் உபின் தீவு. சாங்கி முனையிலிருந்து மரப்படகு, 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும், ஆளுக்கு 4 வெள்ளி. அங்கே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். தெம்பில்லையா, தேக்காவிலேயே திண்ணை கண்ட இடத்தில் உட்கார்ந்து சிராங்கூன் சாலையை வேடிக்கை பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையென்றால் விடுமுறை எடுத்த ஊர்க்காரத் தொழிலாளிகள் தெருவெல்லாம் நிறைந்திருப்பார்கள். புதுக்கோட்டையா, பட்டுக்கோட்டையா என்று பேச்சு தானாகத் தொடங்கிவிடும்.

ஊருக்கான சாமானுக்கு முஸ்தபா கடை ஒன்றே போதும், நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும். கோடாலித் தைலம் சின்னப் புட்டியாக வாங்குங்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட புட்டி போகாது. வாங்கியதும் விடுதியில் பையை எடை போட்டுப் பாருங்கள். அதிகமானால் அன்றிரவே இணையத்தில் சரக்கு எடை வாங்கிவிடுங்கள், விமான நிலையக் கவுன்டரில் அதே கிலோ விலை கூடும். மலையேற்றக் காலணியைப் பைக்குள் திணிக்காமல் காலில் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் சாங்கி விமான நிலையத்துக்கு நாலு மணி நேரம் முன்னதாகப் போனால் ஜுவல் கட்டடத்தின் 40 மீட்டர் அருவியையும் நிதானமாகப் பார்க்கலாம். அதற்கும் டிக்கெட் இல்லை. ஒன்றே ஒன்று: 1, 2, 3-ஆம் முனையங்களில் பாதுகாப்புச் சோதனை விமான வாசலில்தான் நடக்கும். குடிவரவு தாண்டிய பின் பாட்டிலை நிரப்பி வைத்தால் வாசலில் கொட்டச் சொல்வார்கள். குடித்துவிட்டுக் காலி பாட்டிலோடு போங்கள்.