வெளிநாட்டுப் பயணம்: வன்னி வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடம்பெயர்வது எப்படி என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 1977, 1983 இனக்கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள், 1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டுக் கிளாலிக் கடலால் வந்தவர்கள், 2009 இல் போரின் கடைசியில் முள்ளிவாய்க்கால் வரை போய் மெனிக் பாம் முகாமில் கிடந்து திரும்பியவர்கள். வன்னியில் ஒரு வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விசாரித்தால் இந்த மூன்று கதையும் கிடைக்கும். எல்லாக் கதையிலும் ஒரு பைல் பை வரும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பள்ளிக்கூடச் சான்றிதழ், காணிப் பேமிற் (அரச காணிக்கான அனுமதிப்பத்திரம்) எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி அம்மா நெஞ்சோடு வைத்திருப்பா. சட்டி பானை போகும், பை போகாது.

அப்போது வீடே சேர்ந்து ஒரே திசையில் போனது, பையும் கூடவே போனது. வெளிநாட்டுப் பயணம் அப்படியில்லை. ஒருவர் போகிறார், மற்றவர்கள் நிற்கிறார்கள். ஆனால் ஆயத்தம் எல்லாம் போகிறவருக்குத்தான்: பாஸ்போட், மெடிக்கல், ரிக்கற், ஒரு போத்தல் மிளகாய்த்தூள். நிற்கிற வீட்டை யாரும் ஆயத்தப்படுத்துவதில்லை. நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் அங்கேதான் தொடங்கின.

கணக்குப் பார்க்காமல் போவது

போருக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கிடைத்தது. ஓர் அறை கூட்டினால் நல்லது, முன்னுக்கு ஒரு விறாந்தை இருந்தால் நல்லது என்று பலர் மேலே கடன் எடுத்தார்கள். பிறகு நுண்கடன், அதை அடைக்க இன்னொரு நுண்கடன், நகை அடைவில். கடைசியில் ஒருவர் கட்டார் போவார், அல்லது குவைத் போவார். அதைக் குறை சொல்ல வரவில்லை. போகிற செலவுக்கே மறுபடி வட்டிக்கு எடுப்பதுதான் தவறு. நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு 5 இலட்சம் எடுத்தால் மாதம் 25,000 வட்டி. இரண்டு வருட ஒப்பந்தம் முடிய வட்டி மட்டும் 6 இலட்சம், முதல் அப்படியே நிற்கும். இதைக் கொப்பித் தாளில் எழுதிப் பார்த்துவிட்டுப் பயணத்தை ஆறு மாதம் தள்ளி வைத்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்த ஆறு மாதத்தில் அந்தத் தகப்பன் செய்த வேலை பற்றிக் கீழே சொல்கிறேன்.

தெரிந்தவர் சொன்னார் என்று நம்புவது

ஊருக்குள் வருகிற சப் ஏஜென்ட் பெரும்பாலும் யாருக்காவது மச்சான் முறையாக இருப்பார், அதனால் அவரிடம் கடதாசி கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்துவிடுகிறோம். கேளுங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்த முகவரா, இந்த வேலைக்கு அனுமதி இருக்கிறதா என்பதைப் பணியகத்தின் இணையத்தளத்திலோ 1989 என்ற இலக்கத்திலோ கேட்டுப் பார்க்கலாம். விசிற் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அத்தோடு நிறுத்துங்கள். 2022 நவம்பரில் ஓமானில் அகப்பட்டிருந்த இலங்கைப் பெண்களில் பலர் சுற்றுலா விசாவில் போனவர்கள்தான். பணியகத்தில் பதியாமல் போனால் காப்புறுதியும் இல்லை.

அதே மாதம் கனடா போக என்று கப்பலேறிய 303 பேர் நடுக்கடலில் தத்தளித்து வியட்நாம் கரைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வயலை விற்று ஏறினாலும் வட்டிக்கு எடுத்து ஏறினாலும் கடலுக்கு ஒன்றுதான்.

முன்பணம் கொடுத்துப் பெண்களை வீட்டு வேலைக்கு எடுப்பதும் நடக்கிறது. போகிறவரின் கையிலேயே காசு வைத்தால் அது நல்ல சகுனம்போலத் தெரியும். போன இடத்தில் முடியாமல் திரும்பி வர நினைத்தால், அந்தக் காசைத்தான் முதலில் திருப்பிக் கேட்பார்கள்.

பிள்ளையை ‘அம்மம்மா பார்ப்பா’ என்று விடுவது

வீட்டு வேலைக்குப் போகிற தாய்மாருக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற ஒன்றை 2013 இல் கொண்டுவந்தார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாது என்ற நிலை. பெண்ணுக்கு மட்டும் ஏன் இந்தக் கேள்வி, தகப்பன் போனால் யாரும் கேட்பதில்லையே என்ற கோபம் நியாயமானது. 2022 இல் அது தளர்த்தப்பட்டது. அந்தக் கட்டுப்பாடு இருந்த நாட்களில் பலர் பிள்ளையை மறைத்தார்கள், அல்லது சகோதரியின் பிள்ளை என்று சொன்னார்கள். அலுவலகத்தை ஏமாற்றியது போகட்டும். அந்தக் கேள்விகளுக்கு வீட்டுக்குள்ளாவது பதில் இருந்திருக்க வேண்டும். இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் ஆட்டோ பிடிப்பது? பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு யார் போவது? பருவமடைந்தால் யாரிடம் சொல்வது?

அம்மம்மா பார்ப்பா என்பது பாதிப் பதில்தான். அம்மம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி, கண்ணில் வெள்ளை. அவவுக்கு மேல் இன்னொருவர் வேண்டும்: சித்தியோ மாமாவோ, நடந்து போகிற தூரத்தில். அந்த ஆளின் பெயரையும் போன் இலக்கத்தையும் போகுமுன் வகுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இதைச் செய்கிற வீடு குறைவு. ஒரு தவணை ரிப்போர்ட்டில் பெற்றோர் கையொப்பம் கொஞ்சம் அழகாகவே இருந்தது. பார்த்தால் தரம் 9 படிக்கிற அந்தப் பிள்ளையே மூன்று தவணையும் போட்டிருக்கிறாள். அம்மம்மாவுக்குக் கையெழுத்து வராது, பெருவிரல் வைக்க அவளுக்கு வெட்கம்.

போன் கதைக்கும் நேரம் பெரிய விஷயம். குவைத்துக்கும் எங்களுக்கும் இரண்டரை மணி நேரம் வித்தியாசம். வேலை முடிந்து இரவு பத்தரைக்கு அம்மா எடுத்தால் இங்கே ஒரு மணி. பிள்ளையை எழுப்பி, கையில் போனைக் கொடுத்து,

“சாப்பிட்டியா?”

“ம்ம்.”

“பள்ளிக்கூடம் போனியா?”

“ம்ம்.”

பிறகு அம்மம்மா வாங்குவா. போனை முகத்தோடு ஒட்டிப் பிடிப்பதால் அங்கே அம்மாவுக்குத் தெரிவது நெற்றித் திருநீறும் மேலே சுற்றுகிற பானும்தான். இப்படி இரண்டு வருடம் போனால் பிள்ளைக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. விசுவமடுப் பக்கம் ஒரு தாய் வேறு வழி பிடித்திருந்தா. வெள்ளிக்கிழமை பின்னேரம் அவவுக்கு ஒரு மணி நேரம் ஓய்வு, அந்த நேரம் மட்டும்தான் கதை. அதற்கு முன் மகன் கணக்குக் கொப்பியைப் படம் எடுத்து அனுப்பிவிட வேண்டும். தாய் படித்தது ஓ.எல் (சாதாரண தரம்) வரை, கணக்கு முழுவதும் விளங்காது. “இந்தச் சிவப்புக் கோடு என்னத்துக்கு?” என்று மட்டும் கேட்பா. அதை விளங்கப்படுத்தவே அவனுக்கு அரை மணி நேரம் வேண்டும்.

கனடா, பிரான்ஸ் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. ஏ.எல் (உயர்தரம்) முடியுமுன் மோட்டார் சைக்கிளுக்குக் காசு அனுப்பாதீர்கள். பெரியம்மா கேட்டால் பாவம் பார்த்து அனுப்புகிறீர்கள், தெரியும். ஓட்டுகிறவன் காலையில் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் ஓட்டுவான்.

படிப்பை இடம் மாற்றுவது

காசு வரத் தொடங்கியதும் முதலில் எழும் ஆசை, பிள்ளையை யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது. சில பிள்ளைகளுக்கு அது சரிவரும். ஆனால் ஏ.எல் நெருங்குகிற நேரத்தில் மாற்றுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு அகில இலங்கைத் திறமையில் 40 வீதம், மாவட்டக் கோட்டாவில் 55 வீதம், கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 வீதம் என்றுதான் பல்கலைக்கழக அனுமதி பிரிகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. எந்த மாவட்டம் என்பதைப் பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் எங்கே படித்தார் என்பதைப் பார்த்துத் தீர்மானிப்பார்கள். ஆகவே, முள்ளியவளையில் படித்த பிள்ளையைக் கொண்டுபோய்க் கொழும்பில் போட்டால் கொழும்பு மாவட்டத்தின் இசட் வெட்டுப்புள்ளியோடு மோத வேண்டி வரலாம். மாற்றுமுன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை ஒரு தடவை வாசியுங்கள், தமிழிலும் இருக்கிறது.

மற்றத் தவறு இதற்கு நேர் எதிர்: “எப்படியும் வெளிநாடுதானே, ஏன் படிப்பான்?” இந்தப் பேச்சைப் பிள்ளைக்கு முன்னால் பேசுகிற வீட்டில் தரம் 10 உடனேயே கொப்பி மூடப்படும். வெளிநாடு போகிறவனுக்கும் சான்றிதழ் வேண்டும். மேலே சொன்ன தகப்பன் பத்துப் பன்னிரண்டு வருடம் மேசன் வேலை செய்தவர், கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. அப்படியே போயிருந்தால் விசாவில் கூலியாள் என்று விழும், சம்பளமும் அதற்கேற்ப. அங்கே போய் நான் மேசன் என்று சொல்லி மாற்ற முடியாது. செய்த வேலையையே மதிப்பிட்டு என்.வி.கியூ என்ற தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கிற முறை நைற்றா என்ற அரச தொழிற்பயிற்சி நிறுவனத்தில் இருக்கிறது. அந்த ஆறு மாதத்தில் அவர் எடுத்தது அதைத்தான். இளம் பிள்ளைகளுக்கு 2016 இல் கிளிநொச்சி அறிவியல்நகரில் திறந்த இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிலையம் இருக்கிறது. அதன் வாசலால் தினமும் பஸ்ஸில் போய்வந்துகொண்டே, மகனுக்கு என்ன படிப்பிக்கலாம் என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பையை மறுபடி திறப்பது

அந்தப் பைல் பைக்கு வருவோம். 2009க்குப் பிறகு மறுபடி எடுத்த சான்றிதழ்களில் ஆங்கிலப் பெயர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவருவதில்லை. தாயின் பாஸ்போட்டில் ஓர் ‘எச்’ கூடியிருக்கும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் அது இருக்காது. வேலைக்குப் போகும்போது இது தடையில்லை. பத்து வருடம் கழித்துப் பிள்ளையைக் கூப்பிட விண்ணப்பிக்கும்போதுதான் அந்த ‘எச்’ நிமிர்ந்து நிற்கும். போகுமுன் எல்லாக் கடதாசியையும் பாயில் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். மூலப் பிரதிகளை வீட்டில் விட்டு, படமெடுத்துப் போனில் கொண்டுபோங்கள்.

காணி விஷயம் சுருக்கமாக. வன்னியில் பெரும்பாலானது பேமிற் காணி. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அதை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது, வெள்ளைத்தாளில் எழுதிய உடன்படிக்கை நிற்காது. பின்னுரித்தாளர் பெயரைப் பதியாமல் போகவேண்டாம். இரண்டு காலபோகம் (மாரி நெற்செய்கை) தரிசாகக் கிடந்தால் யாராவது எல்லைக் கட்டையை நகர்த்தியிருப்பார்கள். காணியைப் பார்க்கச் சகோதரனுக்கு அற்றோனித் தத்துவம் (உங்களுக்குப் பதிலாகச் செயற்படும் சட்ட அதிகாரம்) கொடுக்கிறீர்கள் என்றால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் கொடுங்கள். பொதுவாக எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு சகோதரனோடு கதைக்காமல் இருக்கிற குடும்பங்கள் எங்கள் ஊரிலேயே உண்டு.

காசும் அப்படித்தான். வங்கியில்லாமல் ஆள்மூலம் காசு மாற்றுகிற உண்டியலில் அனுப்பினால் கொஞ்சம் கூடக் கிடைக்கும், வீட்டுக்கே வரும். பிறகு வங்கியில் கடன் கேட்கும்போதும், யார் எவ்வளவு அனுப்பினார் என்று குடும்பத்துக்குள் சண்டை வரும்போதும் காட்ட ஒரு துண்டு இராது. போகுமுன் உங்கள் பெயரிலேயே ஒரு கணக்கைத் திறந்து சம்பளத்தில் ஒரு பங்கு அதற்குள் விழ வையுங்கள். முழுவதையும் வீட்டுக் கணக்குக்கு அனுப்பினால் முழுவதும் செலவாகும். வீட்டில் உள்ளவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல. கோயில் திருவிழா, சாமத்தியச் சடங்கு, செத்த வீடு என்று செலவுக்கு அங்கே எப்போதும் ஆள் இருக்கும்.

திரும்பி வருகிற நாள்

இரண்டு வருடம் முடிந்து வந்த தாயை நான்கு வயதுப் பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று பார்க்கும். கூப்பிட்டால் வராது. சொக்லேற்றை வாங்கிக்கொண்டு அம்மம்மாவின் சீலைக்குள் ஒளியும். “என்ர பிள்ளையை என்னட்டயிருந்து பிரிச்சுப்போட்டியள்” என்று அழுகிற தாயும், “நான் வளர்த்ததுக்கு இதுவோ” என்று முகத்தைத் திருப்புகிற அம்மம்மாவும் சேர்ந்துதான் அந்த முதல் கிழமையைக் கெடுப்பார்கள். பிள்ளையை இழுத்துப் பக்கத்தில் படுக்கவைக்க வேண்டாம். அம்மம்மாவின் பாயிலேயே படுக்கட்டும். நீங்களும் உங்கள் பாயைக் கொண்டுபோய் அந்தப் பக்கத்தில் விரியுங்கள்.