உப்பான நிலத்தடி நீர் மேலாகவே நிற்கும் வயலில் கோடைப் பருத்திக்குத் தண்ணீர் கட்டுவது எப்படி?

சம்பா அறுத்த வயலில் பருத்தி போடும் நாகைப் பக்கத்து நிலங்களுக்காக எழுதியது. உழவு, விதை அளவெல்லாம் உங்களுக்கே தெரியும்.

1. முதலில் நிலத்தடி நீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று பாருங்கள். 2 அங்குல பிவிசி குழாய் 10 அடி எடுத்து, கீழ்ப்பாதியில் ரம்பத்தால் கீறல் போட்டு, நைலான் வலை சுற்றி வயலில் இறக்குங்கள். மறுநாள் கயிறு விட்டு அளக்கலாம். 5 அடிக்குள் தண்ணீர் நின்றால், நீங்கள் கட்டாமலே அந்தத் தண்ணீர் மண் வழியே ஏறி உப்பை மேலே விட்டுவிடும்.

2. போர் தண்ணீரின் உப்பை இ.சி. மீட்டரால் (மின்கடத்துத் திறனைக் காட்டும் கருவி) அளந்து பாருங்கள். குடிநீருக்கு விற்கிற டிடிஎஸ் பேனா (கரைந்த உப்பைக் காட்டுவது) வேண்டாம், இ.சி.யை ஒன்று 0.5 ஆல் பெருக்கிக் காட்டும், இன்னொன்று 0.7 ஆல். மோட்டார் போட்டதும் ஒருமுறை, 2 மணி நேரம் கழித்து ஒருமுறை. இரண்டாவது அளவு கூடினால் அடியில் கிடக்கும் உப்பு நீர் மேலே இழுபடுகிறது. கடலோரத்தில் நல்ல நீர் மட்டம் 1 அடி இறங்கி அப்படியே நின்றால், கீழே உப்பு நீர் நாளடைவில் சுமார் 40 அடி ஏறும். போரை ஆழப்படுத்தாதீர்கள். குறைந்த வேகத்தில், விட்டு விட்டு இறையுங்கள்.

3. ஓரத்தில் 3 அடி ஆழத்துக்குக் குறையாமல் வடிகால் வெட்டுங்கள். கடல் ஓதம் ஏறும் வாய்க்காலில் சேர்வதானால் வாயில் பலகை அடைப்பு கட்டாயம்.

4. பலரும் சறுக்குவது விதைக்கும் இடத்தில்தான். பாரின் (மண் மேட்டின்) உச்சியில் விதைக்கக் கூடாது. இரு பக்கச் சாலிலும் (பள்ளத்திலும்) தண்ணீர் விட்டால் ஈரம் நடுவில் வந்து கூடும், காயும்போது உப்பு உச்சியில் பூக்கும். ஆகவே ஒரு சால் விட்டு ஒரு சாலில் கட்டி, தண்ணீர் ஓடும் பக்கத்துச் சரிவில் விதையுங்கள். உப்பு எதிர்ச்சரிவுக்குத் தள்ளப்படும். நடுவில் சாலை மாற்றினால் அந்த உப்பு அத்தனையும் செடியின் வேருக்கே திரும்பி வரும்.

5. முதல் இரண்டு தண்ணீர் பண்ணைக்குட்டையிலிருந்தோ ஆற்றிலிருந்தோ வரட்டும். வளர்ந்த பருத்தி மண்ணில் 7.7 டெசிசீமன்ஸ் (மீட்டருக்கு, இ.சி. அளவு) வரை மகசூல் குறையாமல் தாங்கும், முளை தாங்காது. பிறகு 4 வரையுள்ள போர் நீரைக் கட்டலாம்.

உப்பைக் கழுவ எவ்வளவு கூடுதலாக விடுவது? நீரின் இ.சி. 4, மண் தாங்கும் இ.சி. 7.7 என்றால் கூடுதல் பங்கின் கணக்கு இது: 4 ÷ (5 × 7.7 − 4) = 0.116. செடிக்கு 50 மி.மீ. தேவையென்றால் 50 ÷ (1 − 0.116), அதாவது 57 மி.மீ. விட வேண்டும். ஆனால் வடிகால் இல்லாமல் இந்தக் கூடுதலை விட்டால் நீர்மட்டம்தான் ஏறும். என்னைக் கேட்டால் கோடையில் கழுவவே வேண்டாம். அந்த வேலையை ஐப்பசி மழை செய்யட்டும். சாலில் வைக்கோல் பரப்பி ஆவியாவதைக் குறையுங்கள். மண்ணின் பிஎச் (கார அமில நிலை) 8.5 தாண்டாவிட்டால் ஜிப்சத்துக்குச் செலவழிக்காதீர்கள்.

பின்சேர்ப்பு: கோடையில் சிறு தூறல் விழுந்தால் மோட்டாரை நிறுத்தத் தோன்றும். நிறுத்தாதீர்கள். பாரில் பூத்த உப்பைத் தூறல் கரைத்து வேர் வரை இறக்கிவிடும். அன்றே ஒரு தண்ணீர் கட்டி அதை வேருக்குக் கீழே தள்ளிவிடுங்கள்.