குடும்பத்தோடு புதுக் காரில் கிளம்பும் முன்

தனியாக ஓட்டும்போது லேசாக இருக்கும் எங்கள் புதுக் கார், ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறியதும் பின்பக்கம் நன்றாகவே தாழ்கிறது. அப்போது டயர் காற்றைக் கட்டாயம் பாருங்கள். டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பல கார்களில் குறைந்த சுமைக்கு ஓர் அளவும் முழுச் சுமைக்கு வேறோர் அளவும் அதில் போட்டிருப்பார்கள். முழுச் சுமைக்குப் பின் டயர்களுக்குத்தான் பெரும்பாலும் கூடுதல் காற்று தேவைப்படும். டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்றடிக்கக் கூடாது. வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு அளந்தால்தான் கணக்கு சரியாக வரும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடித்தான் காட்டும், அதைக் கண்டு காற்றை இறக்கிவிடாதீர்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று, ஹெட்லைட் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் வசதி. பலர் அதைத் தொடுவதே இல்லை. பின்பக்கம் தாழ்ந்தால் ஹெட்லைட் மேலே தூக்கி, எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும். பல கார்களில் ஸ்டீயரிங் அருகே அதற்காக 0 முதல் எண் போட்ட, விரலால் திருப்பும் சிறு சக்கரம் இருக்கும். எண்ணைக் கூட்டினால் வெளிச்சம் கீழே இறங்கும். இரவில் குடும்பத்தோடு போகிறவர்கள் தயவுசெய்து இதைப் பயன்படுத்துங்கள். ஆட்கள் இறங்கியதும் மறக்காமல் 0-க்குக் கொண்டுவந்துவிடுங்கள்.