இன்னொரு பாட்டில் டிரிப் போடுவதற்கு முன் அல்ட்ராசவுண்டில் என்ன பார்ப்பது?

சிங்கப்பூர் மருத்துவமனைகளில் ஹவுஸ் ஆபீசராக (முதலாண்டுப் பயிற்சி மருத்துவராக) புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது. குடல் அறுவைச் சிகிச்சை முடிந்த முதல் ராத்திரி, சிறுநீர் குறைந்துவிட்டது, இன்னும் 500 மி.லி. ஹார்ட்மன்ஸ் (உப்புகள் கலந்த டிரிப் நீர்) ஏற்றலாமா என்று தாதி கேட்பார். உடனே சரி சொல்லிவிடாதீர்கள். அறுவைக்குப் பிறகு நீரை உடம்பிலேயே தக்கவைக்கும் ஏடிஹெச் ஹார்மோன் கூடுவதால், உடம்பில் போதுமான நீர் இருந்தாலும் சிறுநீர் குறையும்.

முதலில் அல்ட்ராசவுண்ட் புரோபை (உடம்பின்மேல் வைக்கும் கருவியை) அடிவயிற்றில் வையுங்கள். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் சிறுநீரை வெளியேற்றும் கேதீட்டர் குழாய் அடைத்திருக்கலாம், அதைச் சரிசெய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அப்புறம் கீழ்ப் பெருஞ்சிரை, அதாவது உடம்பின் கீழ்ப்பாதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் பெரிய ரத்தக்குழாய். வழக்கமாக நெஞ்செலும்புக்குக் கீழே பார்ப்போம், ஆனால் அங்கேதான் கட்டுப் போட்டிருப்பார்கள், அதனால் வலது விலாப்பக்கமாகக் கல்லீரல் வழியே பாருங்கள் (இந்தக் கோணத்தில் சுருக்கம் குறைவாகத் தெரியலாம்). சிரை இதயத்தின் வலது மேலறைக்குள் போய்ச் சேருகிறதா, கல்லீரல் சிரை அதில் கலக்கிறதா என்று உறுதி செய்யாமல் அளக்காதீர்கள், பெருந்தமனியை அளந்துவிட்டு நிம்மதியாகப் போகிறவர்கள் உண்டு. தானாக மூச்சு விடும் நோயாளியை மூக்கை உறிஞ்சச் சொல்லுங்கள். நம் தமிழ்ப் பாட்டியாக இருந்தால் “பாட்டி, மூக்க ஒரு தடவ உறிஞ்சுங்க” என்றால் போதும். சிரையின் விட்டம் 2.1 செ.மீ.க்குள் இருந்து பாதிக்கு மேல் சுருங்கினால் வலது மேலறை அழுத்தம் குறைவு. அதைவிடப் பெரிதாக, பாதிகூடச் சுருங்காமல் இருந்தால் அழுத்தம் அதிகம். நடுவில் விழும் அளவுகளை வைத்து நான் எந்த முடிவும் எடுக்கமாட்டேன். வயிறு உப்பி உள்ளழுத்தம் ஏறியிருந்தாலும் சிரை நசுங்கித் தெரியும், வென்டிலேட்டரில் இருப்பவருக்கோ மூச்சு உள்ளே போகும்போது சிரை விரியும், அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

இன்னொன்று, சுருங்கிய சிரை என்றாலே நீர் கொடு என்று அர்த்தமில்லை. நல்ல ஆரோக்கியமாக இருக்கிறவருக்கும் அப்படித்தான் இருக்கும்.

நுரையீரலை விட்டுவிடாதீர்கள். ஒரே விலா இடைவெளியில் மூன்று அல்லது அதற்கு மேல் பி-கோடுகள் (படத்தில் மேலிருந்து கீழே இறங்கும் வெள்ளைக் கோடுகள்), அதுவும் இரண்டு பக்கமும் முன்புறத்திலேயே தெரிந்தால், நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம், டிரிப்பை நிறுத்திவிட்டு மூத்த மருத்துவரை அழையுங்கள். அடிப்பகுதியில் மட்டும் தெரிந்தால், வலியில் ஆழமாக மூச்சு விடாததால் நுரையீரல் சுருங்கியிருக்கலாம்.

இதயத்தைப் பார்க்கத் தெரிந்தால் கால்களை உயர்த்தும் சோதனைதான் சிறந்தது. தலைப்பக்கம் 45 டிகிரி உயர்த்திய நிலையில் இடது கீழறை வெளிவழியின் விடிஐயை (ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தத்தைக் கணிக்க உதவும் டாப்ளர் அளவை) அளந்து, பிறகு கட்டிலையே சாய்த்துத் தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்துங்கள், ஒரு நிமிடத்துக்குள் மறுபடி அளங்கள். 10 முதல் 15 சதவீதம் கூடினால் நீருக்கு இதயம் பதில் சொல்லும். கையால் காலைத் தூக்கினால் தையல் வலியில் இதயத் துடிப்பு எகிறி எல்லாம் குழம்பும். வயிற்றழுத்தம் அதிகமிருந்தால் இந்தச் சோதனையும் ஏமாற்றும்.

ரத்த அழுத்தம் இறங்குகிறதா? கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே கறுப்பாக நீர் தெரிகிறதா பாருங்கள். வயிற்றைக் கழுவிய நீரும் கொஞ்சம் மிச்சமிருக்கலாம்தான், ஆனாலும் அறுவை மருத்துவரை எழுப்பத் தயங்காதீர்கள். அங்கே ஒன்றும் தெரியாவிட்டாலும் பின்வயிற்றில் ரத்தம் கசியலாம்.

நீர் கொடுப்பதென்றால் 250 மி.லி. கொடுத்துவிட்டு அதே இடத்தில், அதே கோணத்தில் திரும்பப் பாருங்கள். எந்தக் கோணத்தில் அளந்தீர்கள் என்பதையும் குறிப்பில் எழுதுங்கள், இல்லையென்றால் காலை ரவுண்டில் உங்கள் அளவை யாராலும் ஒப்பிட முடியாது.