நெத்திலிச் சாறு பாஸ்தா: வேகும் தண்ணீரில் உப்பு போடாதீர்கள்

இத்தாலியின் அமால்ஃபி கடற்கரையில் உள்ள சிறிய மீனவ ஊர் சேத்தாரா. அங்கே நெத்திலியின் தலையையும் குடலையும் கையால் நீக்கி, மரப்பீப்பாயில் மீனும் கடல் உப்பும் மாறி மாறி அடுக்கி, மேலே பாரம் ஏற்றி வைப்பார்கள். குறைந்தது 9 மாதம் கழித்து, அடியில் துளையிட்டால் சொட்டுச் சொட்டாக இறங்கும் செம்பழுப்புச் சாறுதான் கொலாத்துரா. 2020இல் இதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. வசந்தத்தில் பிடித்த மீனின் சாறு டிசம்பரில் தயாராவதால், கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு உணவில் இதற்குத் தனி இடம் உண்டு.

நான்கு பேருக்கு லிங்குவினி அல்லது ஸ்பகெட்டி போன்ற நீள பாஸ்தா 400 கிராம் போதும். தண்ணீரில் உப்பு வேண்டவே வேண்டாம். சாறே கடும் உப்பு, இரண்டும் சேர்ந்தால் வாயில் வைக்க முடியாது. பாஸ்தா வேகும்போது ஒரு பெரிய கிண்ணத்தில் 4 மேசைக்கரண்டி சாறு, 6 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், நசுக்கிய பூண்டு ஒரு பல், நறுக்கிய பார்ஸ்லி, கொஞ்சம் காய்ந்த மிளகாய் கலந்து வையுங்கள். பாஸ்தா முழுதாக வேக ஒரு நிமிடம் இருக்கும்போதே எடுத்து, அது வெந்த நீர் இரண்டு கரண்டியுடன் கிண்ணத்தில் போட்டு நன்றாகப் புரட்டுங்கள். அந்த நீரிலுள்ள மாவுச்சத்துதான் எண்ணெயையும் சாற்றையும் ஒட்டவைக்கிறது.

சாற்றை அடுப்பில் ஏற்றாதீர்கள். கொதித்தால் நறுமணம் போய், மீன் வீச்சமும் உப்பும் மட்டுமே மிஞ்சும். சீஸ் தூவுவதும் வேண்டாம், அது சாற்றின் சுவையை அமுக்கிவிடும். அமால்ஃபி எலுமிச்சையின் மஞ்சள் தோலைக் கொஞ்சம் துருவிப் போட்டால் அருமையாக இருக்கும்.